நீலாவதியின் நாக்கு

"எனக்கு அந்த டேஸ்டர் வேலை வேணும் சார்."

நீலாவதி கேட்டேவிட்டாள். எதை மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்று அப்பா மூக்கையா இரண்டு வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டாரோ, அதையேதான் கேட்டாள்.

மேனேஜர் ஸ்ரீனிவாசராகவனுக்கு மோர் புரையேறியது. பீர் கம்பெனி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வஸ்துவில் ஒரு சொட்டு நாக்கில் படாமல் காலத்தை ஓட்டிவருபவர் அவர். பழைய டேஸ்டர் ரிட்டையர் ஆகிப் போனதிலிருந்து அவர் ஃபாக்டரியில் எந்தச் சரக்கு நல்லது, எது கெட்டது என்று சொல்ல ஆள் கிடையாது.

"நீ டைப்பிஸ்ட்டும்மா."

"கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கின டைப்பிஸ்ட் சார். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு. அதை வச்சுக்கிட்டு 'தங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு தட்டிட்டு உக்காந்திருக்கேன்."

"பொம்மனாட்டி பீரைக் குடிச்சுப் பார்க்கறதாவது!"

"ஆம்பளைங்க பாத்து அனுப்புன லட்சணம்தான் தெரியுதே. போன மாசம் போன சரக்கெல்லாம் அதே லாரியில திரும்பி வந்திருச்சு."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே இதைக் கேட்காதே. போய் வேலையைப் பாரு."

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், அதே ஃபாக்டரியில் பாட்டில் கழுவும் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்த மூக்கையா, கல்கத்தா பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துச் சந்துக்குள் இருந்த வீட்டுக்கு ஏறக்குறைய ஓடிவந்தார்.

"சுப்பம்மா! மேனேஜர் கூப்பிட்டு விட்டாருடி. நாளைக்கு நம்ம நீலாவைக் கார்ல கூட்டிட்டுப் போறாராம். நாலு எடம் போய்ச் சாப்பிட்டுப் பாக்கணுமாம். அவரு வீட்டம்மாவும் வாராகளாம். மெட்ராஸ்லருந்து ஒரு தம்பி வந்திருக்காராம், அவரும் வாராராம். சாயங்காலம் நீயும் நானும் லேக் மார்க்கெட்டுல பெத்துராஜ் ஓட்டலுக்கு வந்துரணுமாம். பொண்ணு விஷயமா முடிவு பேசணும், உங்க சம்மதம் வேணும்னுட்டாரு."

நீலாவதி துள்ளினாள். "அப்பா, அது வேலைக்குச் சோதனைப்பா!"

அம்மா சுப்பம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேலைக்குச் சோதனை வைக்கிறவன் பொண்டாட்டியை எதுக்குடி கூட்டிட்டு வாரான்?"

சுப்பம்மாள் அதோடு விடவில்லை.

"ஆத்தா அப்பன் சம்மதத்தை எதுக்குக் கேக்குறான்?"

நீலாவதிக்கும் அது உறைத்தது. டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தபோது ஒருவரும் அவள் அம்மாவின் சம்மதத்தைக் கேட்கவில்லை.

கல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் பெண் பார்ப்பது இப்படித்தான். சின்ன ஊரில்லை, பெரிய வீடுமில்லை. பஜ்ஜி சொஜ்ஜியோடு கூடத்தில் உட்கார ஏது இடம்? எங்கேயாவது 'தற்செயலாக'ச் சந்தித்துக்கொள்வார்கள். நீலாவதியின் சிநேகிதி வசந்தியை அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் நீர்யானைக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். ஐந்து பேர் நீர்யானையைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு வசந்தியைப் பார்த்தார்கள். வந்தவர்களும் வாயைத் திறக்கக் கூடாது, பெண்ணும் எதற்கு என்று கேட்கக் கூடாது. அடுத்த மாதம் வசந்தி தாலியோடு ஜாம்ஷெட்பூர் போய்விட்டாள்.

வேலை கேட்டதற்குத் தண்டனையா கல்யாணம்? 'இந்தப் பெண்ணின் வாயை மூட ஒருத்தன் வேண்டும்' என்று நினைத்துவிட்டாரா மனிதர்? நினைக்க நினைக்க நீலாவதிக்குக் காது கொதித்தது.

மறுநாள் காலையில் அம்பாசடர் வந்து நின்றது. டிரைவர் அப்துல் ரஹீம் கதவைத் திறந்துவிட்டார். பின்சீட்டில் மேனேஜரின் மனைவி சுந்தரவல்லி. அவளுக்கு அந்தப் பக்கம் இஸ்திரி கலையாத சட்டையில் ஓர் இளைஞன். பெயர் பாலசுப்ரமணியன் என்றார் முன்சீட்டிலிருந்த மேனேஜர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுப்பம்மாள் மகளைப் பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். சுந்தரவல்லி முகத்தைச் சுளித்தாள்.

"அந்தப் பூவை எடுத்துடும்மா."

"ஏன் மாமி?"

"வாசனை தூக்கறது. பவுடர் வேற போட்டிருக்கியா? அதையும் அழுத்தித் துடைச்சுடு."

வாசலில் நின்ற சுப்பம்மாள் அவிழ்த்த பூவைக் கையில் வாங்கிக்கொண்டாள். நீலாவதிக்குக் குழப்பம். பெண் பார்க்க வந்தவர்கள் தலையில் இருக்கும் பூவை எடுக்கச் சொல்வார்களா? மேல்பூச்சு இல்லாமல் அசல் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பலே ஆட்கள்தான்.

கார் கிளம்பியதும் மாமியின் விசாரணை ஆரம்பமானது.

"அடிக்கடி ஜலதோஷம் பிடிக்குமோ?"

"பிடிக்காது."

"வெத்தலை பாக்குப் போடற பழக்கம்?"

"இல்லை."

"பல்லுல சொத்தை கித்தை?"

மாட்டுச் சந்தையில்கூட மாட்டிடம் இவ்வளவு கேட்பதில்லை. நீலாவதி பல்லைக் கடித்தாள். சொத்தைப் பல்லாக இருந்தால் அப்போதே உடைந்திருக்கும். அதைவிட ஆச்சரியம், மாமி அந்தப் பக்கம் திரும்பி அந்த இளைஞனிடமும் அதே கேள்விகளைக் கேட்டாள்.

"எனக்கு ஜலதோஷம் வந்ததே கிடையாது மாமி," என்று சொல்லிவிட்டு அவன் தும்மினான்.

மாப்பிள்ளையின் பல்லையும் விசாரிக்கிறாளே! நியாயமான மாமிதான் என்று நீலாவதிக்கு ஒரு நிமிஷம் மரியாதைகூட வந்தது. மறு நிமிஷம் அந்த மரியாதையை எடுத்துவிட்டு ஒரு தீர்மானத்தை வைத்தாள். இவர்களாகவே 'இந்தப் பெண் வேண்டாம்' என்று ஓடும்படி செய்துவிட வேண்டும்.

முதல் நிறுத்தம், பாரக்பூர் போகும் சாலையில் மேனேஜரின் நண்பர் பட்டாபிராமன் நடத்திய ஒரு சின்ன பீர் ஃபாக்டரி. கொட்டகைக்குள் நாற்காலி போட்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். மேனேஜரும் மாமியும் மட்டும் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டார்கள்.

பாலசுப்ரமணியன் ஒரே மூச்சில் காலி செய்தான். மெட்ராஸில் மதுவிலக்கு திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்!"

மேனேஜர் நீலாவதியைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கறே?"

நல்ல குடும்பத்துப் பெண் இந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும். நீலாவதி கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு வாய் குடித்தாள். டொக்கென்று கீழே வைத்தாள்.

"மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டியை நக்குற மாதிரி இருக்கு."

பட்டாபிராமனின் முகம் சுருங்கியது. வந்த இடத்தில், விருந்து வைத்தவர் முகத்துக்கு நேரே! இதோடு சம்பந்தம் முறிந்தது என்று நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் மாமியைப் பார்த்தார். மாமி மெல்லத் தலையாட்டினாள். காரில் ஏறும்போது, "வெயில் படறதே, நீ இந்தப் பக்கம் உக்காந்துக்கோம்மா," என்று நிழல் பக்கத்து இடத்தை வேறு கொடுத்தாள்.

இது என்ன கூத்து?

அடுத்தது தர்மதலாவில், மரத் தடுப்புக்குள் மேஜை போட்ட ஒரு கேபின் ஓட்டல். முட்டை நூல்நூலாகப் பொரிந்து மூடிய கபிராஜி கட்லெட்டும் பீரும் வந்தன. இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே செய்ய வேண்டும் என்று நீலாவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஓ தாதா! அண்ணே, இங்க வாங்க!"

பரிமாறியவர் வந்தார். "கீ ஹொலோ, தீதி?" என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார்.

"நுரை எங்க? கொண்டுவந்து வைக்கும்போதே செத்துப் போச்சே. கிளாஸைக் கடுகெண்ணெய் கையோட கழுவுனீங்களா? மோந்து பாருங்க, மீன் வறுத்த சட்டி வாடை!"

அவளுடைய வங்காளம் சண்டைக்கு வாகானது. பாலிகஞ்ச் குழாயடியில் கற்றது. அக்கம்பக்கத்துத் தடுப்புகளிலிருந்து தலைகள் நீண்டன. முதலாளி ஓடிவந்தார். கிளாஸை மோந்தார். பரிமாறியவரை முறைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலை சார். ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றான் பாலசுப்ரமணியன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பேஷ்!" என்றாள் மாமி. அவனைப் பார்த்து இல்லை; நீலாவதியைப் பார்த்து.

நீலாவதிக்குத் தலை சுற்றியது. பீர் காரணமில்லை. ஓட்டலில் கத்திச் சண்டை போடும் மருமகளை விரும்பும் குடும்பம் உலகத்தில் எங்கே இருக்கிறது? ஒருவேளை இது வேலைக்கான சோதனைதானோ? அப்படியானால் அப்பா அம்மா எதற்கு? மாமி எதற்கு? இந்த மூக்குறிஞ்சி எதற்கு? ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தியது. மாப்பிள்ளையிடம் ஏதோ பெரிய கோளாறு. அதனால்தான் பெண் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று பேஷ் போடுகிறார்கள்.

அந்தச் சந்தேகத்தை டாங்ராவில் அவனே உறுதிசெய்தான். தோல் பதனிடும் நாற்றத்துக்கு நடுவே ஒரு சீனக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடை. மிளகாய்க் கோழியும் பீரும் கொண்டுவந்து வைத்த கையோடு மின்சாரம் போனது. மெழுகுவத்தி தேடி எல்லாரும் எழுந்த நேரத்தில், பாலசுப்ரமணியன் அவள் பக்கம் சாய்ந்தான்.

"மேடம், உங்க கால்ல வேணாலும் விழறேன். கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன்."

"எதுக்கு?"

"எனக்கு இது ரொம்ப முக்கியம். எத்தனையோ இடத்துல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் எந்த முகத்தோட ஊருக்குப் போவேன்?"

நீலாவதிக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபப்பட்டுக் கழுத்தை நீட்ட முடியுமா? இருட்டில் எதிரே இருந்த கிளாஸை எடுத்து மடமடவென்று குடித்தாள். அம்மா மட்டும் பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள். குடித்து முடித்ததும் கடை முழுக்கக் கேட்கும்படி ஏப்பம் விட்டாள்.

மெழுகுவத்தி வந்தது. மேனேஜரின் முகம் பளபளத்தது.

"இது எப்படியிருந்தது?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்," என்றான் பாலசுப்ரமணியன், நீலாவதியை முந்திக்கொண்டு.

"துருப்பிடிச்ச வாளியில மொண்ட தண்ணி. எந்தக் கம்பெனியோ தெரியாது, அவங்க கிணத்துல இரும்பு இருக்கு. குடிச்சவன் காசைத் திருப்பிக் கேக்கணும்."

மேனேஜர் மெழுகுவத்தியைத் தள்ளி வைத்தார். பிறகு தணிந்த குரலில், "அது நம்ம சரக்கும்மா," என்றார்.

போயிற்று! சம்பந்தமும் போயிற்று, டைப்பிஸ்ட் வேலையும் போயிற்று. ஆனால் மாமி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, இனிமே என்ன யோசனை? நேரா லேக் மார்க்கெட்டுக்கு விடச் சொல்லுங்கோ. பெத்தவாளைக் கேட்டு முடிச்சுடலாம்."

வழியெல்லாம் நீலாவதி கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். முடிவு செய்துவிட்டாள். கல்யாணமும் கிடையாது, இந்தக் கம்பெனியும் கிடையாது. பட்டம் வாங்கியதற்கு இந்த ஊரில் வேறு வேலையா கிடைக்காது?

பெத்துராஜ் ஓட்டலில் கடைசி மேஜையில் மூக்கையா புதுவேட்டியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுப்பம்மாள். மேஜைமேல் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம். யாரும் சொல்லாமலே பெத்துராஜ் கேசரி கொண்டுவந்து வைத்தார்.

மேனேஜர் அந்தத் தட்டைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். பிறகு ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார்.

"மூக்கையா, எங்களுக்குப் பரிபூர்ண திருப்தி. உங்க சம்மதம்தான் பாக்கி."

"அய்யா சொன்னாச் சரிங்க." மூக்கையாவின் கண்ணில் நீர் கட்டியது. "பொண்ணு கொஞ்சம் வாய்த்துடுக்கு. நீங்கதான் பொறுத்துக்கணும்."

"அந்த வாய்தானேய்யா வேணும்!"

நீலாவதி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் பேசணும்."

"அடியே, உக்காரு," என்று சுப்பம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"விடும்மா. சார், இந்த ஆளை எனக்கு வேண்டாம். அட்டைப்பெட்டியும் ஃபர்ஸ்ட் கிளாஸ், கடுகெண்ணெயும் ஃபர்ஸ்ட் கிளாஸ், துருவும் ஃபர்ஸ்ட் கிளாஸ். காலையிலேருந்து மூக்கை உறிஞ்சிட்டு ஜலதோஷமே கிடையாதுன்னு பொய் வேற. வாயில ருசியும் இல்லாம உண்மையும் இல்லாம இருக்குற ஆளை வச்சுக்கிட்டு யாரு என்ன பண்றது? நாளைக்கு என் சீட்டுக்கு வேற டைப்பிஸ்டைப் பாத்துக்குங்க."

பாலசுப்ரமணியன் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்தான். மூக்கையா தட்டோடு எழுந்து தட்டோடு உட்கார்ந்தார். மேனேஜர் மட்டும் வாழைப்பழத்தோலைக் கையில் வைத்தபடி, "டைப்பிஸ்டை எப்படியும் பார்த்துத்தானே ஆகணும்," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்க நீலாவதி அங்கே இல்லை. ஓட்டல் படியிறங்கி, அம்பாசடரைத் திரும்பியும் பார்க்காமல், டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, நில்லுங்க! வண்டி இங்கன இருக்கு!" அப்துல் ரஹீம் சாவியோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"உங்க அய்யா வண்டி எனக்கு வேண்டாம் பாய். அவரு பாத்து வச்ச மாப்பிள்ளையும் வேண்டாம்."

அப்துல் ரஹீம் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளையா? அந்தத் தம்பிக்கு ஊர்ல பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும் இருக்காங்கம்மா! உங்களை மாதிரி அவரும் டேஸ்டர் வேலைக்கு நாக்கைக் காட்ட வந்தவருதான்; சோதனைன்னு சொன்னா நடிச்சிருவீங்கன்னு அய்யா உங்ககிட்ட மூச்சுவிடல. பொண்ணு தனியாப் போகக் கூடாதுன்னுதான் அவரு வீட்டம்மாவும் துணைக்கு வந்தாங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க. உங்க அப்பாகிட்ட அய்யா சம்மதம் கேட்டது என்னன்னா, தினம் பொண்ணு பீர் வாடையோட வந்தா வீட்டுல சேத்துக்குவீங்களா மாட்டீங்களான்னுதான்!"