காப்புக் கட்டிய கையில் சுஷி

திருவிழா முடியும்வரை சுத்த விரதம் இருப்பேன் என்று காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் மைக் பிடித்துச் சத்தியம் செய்தேன். தேயிலைத் தோட்டமே கை தட்டியது. நான் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. காப்புக் கட்டியவன் மீன், கறி, முட்டை தொடக்கூடாது. தொட்டால் கமிட்டியில் இடமில்லை. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனும் நானே. போன வருஷம் முட்டை ரொட்டி தின்ற நிரோஷனை அதே மைக்கில் பெயர் சொல்லி நீக்கினேன். என் குரல் அன்றைக்குக் கணீரென்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் இம்தியாஸ் வந்தார். நுவரெலியா ஹோட்டல்களுக்கு மரக்கறி ஏற்றுகிற சிநேகிதர். புதிதாகத் திறந்த ஜப்பான் சாப்பாட்டுக்கடையில் பகல் விருந்துக்கு அவருக்கு இரண்டு பேர் அழைப்பு.

"எங்க வீட்டுக்காரி கமறியாவுக்குப் பச்ச மீன் வாடையே ஆகாது. நீங்களும் தங்கச்சியும் போயிட்டு வாங்க" என்றார். சுவெட்டர் கை நீளமாக இருந்ததால் காப்பு அவர் கண்ணில் படவில்லை. நானும் இழுத்துக் காட்டவில்லை.

மலைமேல் இருக்கிற எங்கள் அக்கரப்பத்தனைக்கு மீன் கருவாடாகவோ டின்னாகவோதான் வந்து சேரும். பச்சை மீனைச் சோற்றுருண்டையில் போர்த்தித் தருகிறானாம் ஜப்பான்காரன். இரண்டு நாள் நாக்கோடு மல்லுக்கட்டினேன். நாக்கு ஜெயித்தது. அம்மன் மன்னித்துவிடுவாள், என் மனைவி நாகலெட்சுமி மன்னிக்க மாட்டாள். அதனால் அம்மனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"மேளக்காரரப் பாக்க. நுவரெலியாவுக்கு வந்திருக்காராம்."

"பகல் சாப்பாடு?"

"விரதக்காரனுக்கு என்ன சாப்பாடு? ஒரு பிளேன்டீ போதும்."

"பாவம்ங்க நீங்க" என்றாள். அவள் என்னைப் பாவம் என்று சொன்னபோதே நான் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

கடையில் மேசை இல்லை. நீளமாக ஒரு மரப்பலகை, அதற்கு அந்தப் பக்கம் கத்தியோடு சமையல்காரர். பெயர் துஷாந்த். ஒசாகாவில் வேலை பார்த்தவராம். எங்கள் தேயிலைப் புகையையும் கித்துள் பனைப்பாகான பாணியையும் கொச்சிக்காய் மிளகாயையும் சுஷியில் ஏற்றியிருப்பதாகச் சொன்னார்.

"இது ஒமகாசேங்க. மெனு கெடையாது. நாங்க வைக்கிறதுதான் சாப்பாடு. வச்ச ஒடனே சாப்பிடணும். என்ன ஏதுன்னு கேக்கக்கூடாது."

கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன். அதற்கு ஜப்பானில் ஒரு பெயர் இருப்பதுதான் எனக்குத் தெரியாது.

என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நிம்மதியாகக் கையைத் துடைத்தேன். கதவு திறந்தது. பட்டுச் சேலை, மேலே சுவெட்டர், தலையில் பூ. நாகலெட்சுமி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேளக்காரரு எங்கங்க?"

"இப்பத்தான்... வெளிய போனாரு."

"வரட்டும். காலையில கமறியாக்கா போன் பண்ணி, 'என்ன சேல கட்டிட்டுப் போறீங்க'ன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கும் அழைப்பு இருக்கிறதே தெரிஞ்சுது."

"வாங்கக்கா!" என்றார் துஷாந்த்.

"லிந்துலையில எங்கம்மா வீட்டுக்குப் பக்கத்து லயக் காம்பராப் புள்ளைங்க இவரு" என்றாள் என்னிடம்.

பலகையில் இரண்டு சுஷி வந்து உட்கார்ந்தன. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டும் சிவப்பாகப் பளபளத்தன.

"நான் சும்மா பாத்துட்டுப் போகத்தான்..."

"வச்ச ஒடனே சாப்பிடணுமாம். அந்தப் புள்ளையோட மரியாதைய கெடுக்காதீங்க."

"நாகு, காப்பு..."

"ஆமால்ல" என்று என் சுவெட்டர் கையை இழுத்துக் காப்பை மூடிவிட்டாள். "இப்பச் சாப்பிடுங்க."

திட்டினால் பதில் சொல்லலாம். சிரித்தால் என்ன செய்வது? எடுத்து வாயில் போட்டேன். அம்மனே! கரைந்தது. பயத்தையும் மீறி ருசி வாயைக் கிளறியது. வாய்தான் எப்போதும் என்னைக் கெடுக்கும்.

"கெலவல்லாச் சூரைதானே இது? நல்ல ஆழக்கடல் மீனு. ஒரு கடியிலயே தெரியுதே!"

துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டார். "அனுபவம் உள்ளவங்க" என்றார்.

அடுத்தது கித்துள் பாணி தடவிச் சுட்டது. "விலாங்கு" என்றேன். அடுத்தது தேயிலைப் புகை போட்டது. "செமன் மீனு. டின்ல வர்றதில்ல, இதுதான் அசலு." நாகலெட்சுமி தன் பங்கை மெதுவாகச் சுவைத்தபடி என்னையே பார்த்தாள். நான் நான்காவதை வாயில் திணிக்கும்போது அவள் போன் 'க்ளிக்' என்றது. சுவெட்டர் கை மேலேறிக் காப்பு பளிச்சென்று தெரிந்தது.

திரும்பும் பஸ் லிந்துலையைத் தாண்டியது. அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கு. நிரோஷனுக்கு அனுப்பவா?"

"அடியே!"

"அவனும் ருசி பாக்கட்டுமே."

"நாகு, தோட்டத்துல தல காட்ட முடியாது. என்ன வேணும்னு சொல்லு, செய்றேன்."

"தலைவரு வேலைய எங்கிட்டக் குடுங்க. அன்னதானத்துக்கு அரிசி பொடைக்க மட்டும் பொம்பளைங்க, மைக்குக்கு ஆம்பளைங்களா?"

"பொம்பள தலைவரா? நம்ம கோயில் சரித்திரத்துலயே கெடையாது!"

"காப்போட மீன் தின்ன தலைவரும் சரித்திரத்துல கெடையாதுங்க."

அவள் விரல் 'அனுப்பு' மேல் நின்றது. கமிட்டிச் செயலாளர் லோஜனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"லோஜன், எனக்கு ஒடம்புக்கு முடியல. இனிமே நம்ம நாகலெட்சுமிதான் தலைவரு."

"ரொம்பச் சந்தோசம் அண்ணே!" என்றான். உடம்புக்கு என்ன என்று அந்தப் பயல் கேட்கவே இல்லை. பஸ் அக்கரப்பத்தனையில் போய் நிற்பதற்குள் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. நிரோஷன் பூமாலைப் படம் போட்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு நான் காப்புக் கட்டிக்கிறேன்" என்றாள்.

"பதவி போனாப் போகட்டும் நாகு. அம்மனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். காலையிலயே துஷாந்துகிட்டச் சொல்லிட்டேன். நீங்க தின்னது பூராவும் மீன் மாதிரிச் செஞ்ச தக்காளி, கத்தரிக்கா, கரட். மீனெல்லாம் எனக்குத்தாங்க."