ரொக்கட் காக்காவும் கூரை போடாத வீடும்

உலகத்தில் ஒரு தடவைகூட உட்காராமல் நாவல் எழுதிய ஒரே மனிதர் எங்கள் ரொக்கட் காக்காதான். சந்தேகப்படுகிறவர்கள் கல்முனையில் யாரையும் கேட்டுப் பார்க்கலாம். பஸாரில் அவருக்கு றேடியோ திருத்தும் கடை ஒன்று இருந்தது. கடையில் ஒரு ஸ்டூலும் இருந்தது. அதில் பழுதான றேடியோக்கள்தான் உட்கார்ந்திருக்கும். அவர் நடப்பார், வாசலுக்கு வந்து றோட்டை இரண்டு பக்கமும் பார்ப்பார், உள்ளே ஓடிப்போய் இரண்டு வரி எழுதுவார். ஒரு கையில் பேனா, மறு கையில் சூடான சோல்டரிங் அயன். எது எந்தக் கையில் இருக்கிறது என்பது அவருக்கே சில வேளை மறந்துவிடும். அதனால் அவருடைய கொப்பிகளில் பொத்தல் விழுந்த பக்கங்கள் ஏராளம். ஒரு தடவை கதாநாயகன் எதிரிகளிடமிருந்து தப்பிய விதம் முழுவதும் அந்தப் பொத்தலோடு போய்விட்டது. நாங்களே ஆளுக்கொரு விதமாகத் தப்பவைத்துக்கொண்டோம்.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய உம்மாவுக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். முதல் நாவலில் ரொக்கட் ஒன்று கடலுக்குள் விழுந்ததிலிருந்து ஊருக்கு அவர் ரொக்கட் காக்கா; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது; இலங்கையின் கிழக்கில் யுத்தம் நடந்த காலம். நாங்கள் பத்தாம் பதினோராம் வகுப்பில் ஓ.எல். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்காக மட்டும் அவர் விஞ்ஞான நாவல் எழுதினார். பதினெட்டு வயதில் மனிதனுடைய மூளை இறுகிப்போகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வாசகர் பட்டியலில் எல்லாருடைய பிறந்த திகதியும் இருந்தது. பதினெட்டு பிறந்த காலையில் பெயரை வெட்டிவிடுவார். அழுதாலும் கொப்பி கிடைக்காது.

நாவல் அச்சானதே இல்லை. ஒரு சி.ஆர். கொப்பியில் ஓர் அத்தியாயம், ஒரு வீட்டுக்கு ஒரு நாள். பாடசாலைப் பைகளில் ஏறி அது ஊர் ஊராகப் போகும். கடைசிப் பக்கம் வாசகர்கள் குறைகளை எழுதுவதற்கு. பெரியவர்கள் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக நூறு தரம் யோசித்த காலத்தில் அந்தக் கொப்பி மட்டும் பாண்டிருப்புக்குப் போய்த் திருநீறு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். இறக்காமத்துக்குப் போனால் நெல் உமியோடு வரும்.

ஒரு நாள் அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. பிள்ளைகளைக் குலைநடுங்க வைக்கும் ஓர் எதிர்காலத்தை எழுத வேண்டும். இரண்டாயிரத்து நூற்றைம்பதாம் ஆண்டு, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு நகரம். மூலைக்கு மூலை காவல். அட்டையைக் காட்டாமல் யாரும் தெருவைக் கடக்க முடியாது. வெளிச்சம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். கண்ணுக்கு முன்னால் கடல், ஆனால் தோணி இறங்க அனுமதி இல்லை. மணி அடித்தால் எல்லாரும் வீட்டுக்குள். முதல் அத்தியாயத்தைச் சுற்றுக்கு விட்டுவிட்டு, ஒரு கிழமை, ஏழு நாளும், கடைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார்.

கொப்பி திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் முதல் குறை: ‘காக்கா, இது போன கிழமை நடந்ததுதானே?’ பாண்டிருப்பிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: ‘எங்கட பக்கமும் இப்பிடித்தான். விஞ்ஞானம் எந்தப் பக்கத்தில வருது?’ இறக்காமத்துப் பையன் ஒருவன், யானை வயலுக்குள் இறங்காத எதிர்காலத்தைத் தன்னால் நம்ப முடியாது என்று எழுதியிருந்தான்.

ரொக்கட் காக்கா உடைந்து போனார். நூற்றைம்பது வருடம் முன்னுக்குப் போய்க் கஷ்டப்பட்டு எழுதினால் நேற்று நடந்தது என்கிறார்களே என்று, றேடியோ வாங்க வந்தவர்களிடமெல்லாம் முறையிட்டார். இரண்டாம் அத்தியாயத்தில் இரும்பு யானை ஒன்றை இறக்கினார். இறக்காமம் திருப்தியடைந்தது. மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் விசாரணை தொடங்கியது. கடைக்கு வருகிற, கடையைக் கடக்கிற, சும்மா எதிர்ப்பக்கம் நிற்கிற எந்தப் பிள்ளையையும் விடவில்லை. உனக்கு எதற்குப் பயம் என்று கேட்பார். பல்லி என்றார்கள், ஊசி என்றார்கள். ஒருவன் கணக்கு வாத்தியார் என்றான். உடனே உருக்கினால் செய்த கணக்கு வாத்தியார் ஒருவர் மூன்றாம் அத்தியாயத்தில் நடந்து வந்தார். பையன்கள் கொஞ்சம் பயந்தார்கள். அது போதாது என்று அவர் இன்னும் வேகமாக நடந்தார்.

உம்மாவின் றேடியோவைத் திருத்தக் கொண்டுபோன நாளில் நானும் அகப்பட்டேன். எனக்கு அன்றைக்கு ஏற்கெனவே மனம் சரியில்லை.

“எனக்கு வீடு கட்டுறாங்க காக்கா. அதுக்குத்தான் பயம்” என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே பெண்பிள்ளைக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும். வீடு முடிந்தால் பெண் ரெடி என்று அர்த்தம். என் வாப்பா மேசன். பகலெல்லாம் ஊராருக்குக் கட்டிவிட்டு, பின்னேரம் அஸர் தொழுத பிறகு எங்கள் வளவில் எனக்காக இரண்டு வரி கல் வைப்பார். ஊரில் அதைவிடப் பாசமான காட்சி கிடையாது. நானோ மேல் வகுப்பான ஏ.எல்.லில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டு, ஒவ்வொரு வரி கல்லையும் எண்ணிக்கொண்டிருந்தேன். வாப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. முதுகு நோக நோகக் கல் வைக்கிற மனிதரிடம், எனக்கு இது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ரொக்கட் காக்கா நடப்பதை நிறுத்தினார். நான் பார்க்க அவர் நின்றது அந்த ஒரு தரம்தான்.

“எவ்வளவு எழும்பிற்று?”

“ஜன்னல் மட்டம்.”

“மறுகா?”

“ஜன்னலுக்கு மேல கொங்கிறீட் லிண்டல். மறுகா கூரை. கூரை போட்டா நிக்காஹ்.”

அடுத்த கிழமை நாலாம் அத்தியாயம் வந்தது. காவலும் இல்லை, உருக்கு வாத்தியாரும் இல்லை. கண்ணாடி நகரத்தில் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. ஒவ்வொரு காலையும் அவளைச் சுற்றி ஒரு சுவர் தானாக ஒரு வரி உயர்கிறது. எல்லாரும் அவள்மேல் உயிராக இருக்கிறார்கள். உம்மா திரைச்சீலைக்கு நிறம் தேடுகிறாள். கூரை மூடினால் கதவு திறக்காது. அவளிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்ற சட்டம் அன்றோடு முறிந்தது. பெண்பிள்ளைகள் கொப்பியை நாலைந்து நாள் வைத்துக்கொண்டு தர மறுத்தார்கள். குறைப் பக்கத்தில் என் மாமி மகளான மச்சி ஒருத்தி மட்டும், திரைச்சீலை கடைசியில் என்ன நிறம் என்று கேட்டிருந்தாள். அவளுக்கு வீடு முடிந்திருந்தது.

என்னுடைய முறை வந்தபோது கொப்பி வாப்பாவின் கையில் அகப்பட்டது. அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர். இரண்டு பகல் லுஹருக்குப் பிறகு உட்கார்ந்து வாசித்தார். மூன்றாம் நாள் கொப்பியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸாருக்குக் கிளம்பினார். நான் உம்மாவிடம் றேடியோவைச் சாட்டாகச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன். கடைக்குள் போகத் துணிவில்லை. பக்கத்துப் புடவைக் கடையில் சீத்தைத் துணி பார்க்கிற மாதிரி நின்றேன். இடையில் பலகைச் சுவர், எல்லாம் கேட்டது.

“இது நீங்க எழுதினதா தம்பி?”

“ஓம் மாமா.” காலடிச் சத்தம் தொடங்கிவிட்டது.

“லிண்டல் போட்ட அடுத்த நாளே கூரை வரும் எண்டு எழுதிரிக்கீங்க. கொங்கிறீட்டுக்கு ஏழு நாள் தண்ணி விட வேணாமா?”

நூற்றைம்பது வருடத்தில் உடனே இறுகும் சீமெந்து வந்துவிடும் என்று ரொக்கட் காக்கா வாதாடினார். எந்தச் சீமெந்தானாலும் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்றார் வாப்பா. பிறகு அத்திவாரம், பிறகு கடல்மண், பிறகு ஜன்னல் அளவு. அரைமணி நேரம் போனது. ரொக்கட் காக்கா நடந்து நடந்து திருத்தங்களைக் குறித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பிள்ளையின் உயிர் போகிற கதையை வாசித்துவிட்டு, மனிதர் லிண்டலில் பிழை பிடிக்கிறார்.

பிறகு வாப்பா கேட்டார்.

“கடைசியில அந்தப் புள்ள என்ன செய்யிது?”

“தெரியா மாமா. மூணு மாதிரி எழுதிப் பாத்தன். சுவர உடைச்சிட்டு ஓடுது, வேற கிரகத்துக்குப் போகுது, மூச்சுமுட்டி மௌத்தாப் போகுது. ஒண்டும் சரிவரல்ல. அந்தப் புள்ளட வாப்பா நல்ல மனிசன். அவரக் கெட்டவராக்க எனக்கு ஏலாமக் கிடக்கு.”

“அந்தப் புள்ளைக்கி என்ன வேணுமாம்?”

“படிக்கணுமாம்.”

“அத வாப்பாக்கிட்டச் சொல்லல்லியா?”

“வாப்பா கேக்கல்ல மாமா. அவரு கல்லு வெச்சிட்டிருந்தாரு.”

நான் கையில் இருந்த சீத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் எத்தனை யார் நீளம் வெட்ட வேண்டும் என்று கேட்டார்.

“அப்ப லிண்டலோட நிப்பாட்டுங்க” என்றார் வாப்பா.

“எவ்வளவு காலத்துக்கு மாமா? கதையில காலம் சொல்லணுமே.”

“அந்தப் புள்ளட சோதினையெல்லாம் முடியுமட்டும். சீமெந்து கிடைக்கல்ல, ஓடு வரல்லெண்டு என்னத்தையாவது எழுதுங்க.”

அப்படியே எழுதினார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். வெடிப்பு இல்லை, துரத்தல் இல்லை, கண்ணாடி நகரத்தில் சீமெந்துத் தட்டுப்பாடாம். இறக்காமத்துப் பையன் பட்டியலிலிருந்து தானாகவே விலகினான். கட்டிடத் துறையின்படி இதுதான் சரியான முடிவு என்று ரொக்கட் காக்கா ஒற்றைக்காலில் நின்றார். அதாவது, அவர் நின்ற அளவுக்கு.

எங்கள் வளவிலும் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. ஒரு மாதமல்ல, மூன்று வருடத்துக்குக் கிட்ட. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொங்கிறீட் இன்னும் ஊறவில்லை என்று வாப்பா முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார். ஊரின் மற்ற மேசன்மார் வந்து தட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். உம்மா ஒரு பெருநாள் முழுவதும் வாப்பாவோடு கதைக்கவில்லை. வீட்டுக்குள் பீர்க்கு படர்ந்தது, ஆடுகள் குடிவந்தன. அந்த ஆடுகளுக்கு நடுவில் பாய் போட்டு நான் இரசாயனவியல் படித்தேன். வாப்பா என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் வாய்விட்டுப் பேசவில்லை. சோதனை எப்போது என்று மட்டும் மாதம் ஒரு தரம் கேட்பார்.

கம்பஸ் கிடைத்து, பல்கலைக்கழகத்துக்கு நான் புறப்பட்ட காலையில் ரொக்கட் காக்காவும் பஸ் நிலையத்துக்கு வந்தார். எனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் மூளை இறுகியிருக்கும், கவனமாகப் படிக்கச் சொல்லி வாப்பாவிடம்தான் சொன்னார். நான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்த நன்றியைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் அதற்குள் பஸ்ஸின் மறுபக்கம் போய்விட்டார். எஞ்சினைப் பற்றி டிறைவரோடு ஏதோ வாதம். நான் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மாறினேன், அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார். பஸ் எடுத்தபோதும் அவர் எங்கேயோ பாதி நடையில்தான் இருந்தார்.

பாண்டிருப்பு தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண், வாப்பாவை விட்டுப் போகிறாய்தானே, அப்படித்தான் இருக்கும் என்று முதுகைத் தடவினாள். பாதி வாப்பாவுக்காகத்தான். மற்றப் பாதி, ஒரு நிமிடம் நின்று நன்றி வாங்கத் தெரியாத அந்த மனிதருக்காக.