நாலு கால் வைத்த ஈயக் கரட்

கலியாணம் பேசும் நாட்களில் பெண்ணுக்குத் தெரியாத விஷயம் என்று யாழ்ப்பாணத்தில் ஒன்றும் கிடையாது. சமையல் தெரியும், சங்கீதம் தெரியும், கார் ஓடத் தெரியும், கோபப்பட மட்டும் தெரியாது. எனக்கு இவற்றுக்கு மேலதிகமாக, கரையில் நின்று தூர எறிந்து கடல்மீன் பிடிக்கவும் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடைத்த அதே நிமிடத்தில்தான் எனக்கும் கிடைத்தது.

மாப்பிள்ளை கஜன் நோர்வேயில் இருந்தார். வீடியோ அழைப்பில் அம்மா, "லீவு நாளிலை என்ன செய்வியள் தம்பி?" என்று கேட்டார். தூண்டில் தடியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன் என்றார் அவர். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அட, எங்கடை பிள்ளையும் உப்பிடித்தான்! சனி ஞாயிறு எண்டால் கடற்கரையிலைதான் கிடை. தூண்டில் நூலிலை கட்டுற ஈயம்கூடத் தானே வார்த்து வைச்சிருக்கிறாள்!"

நாங்கள் உரும்பிராய்க்காரர். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, மீன் என்றால் மோட்டார் சைக்கிளில் வருவது. நான் என் வாழ்நாளில் பிடித்த ஒரே உயிரினம் குளியலறைக்குள் வந்த ஒரு தவளை (அதையும் கூட்டுகிற தும்புக்கட்டையால்தான்). அழைப்பு முடிந்ததும் அம்மாவோடு பெரிய சண்டை போட்டேன். வேறு மாப்பிள்ளை என்றால் போனால் போகட்டும் என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் கஜன் அந்தப் பொய்யைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், நான் அங்கேயே விழுந்துவிட்டேன். எனக்கு அவர் வேண்டும். பொய் பிடிபட்டால் அவர் போய்விடுவார். பிரச்சினை அவ்வளவுதான்.

அடுத்த நாளே அவரிடமிருந்து செய்தி வந்தது: "யூலையில் வாறம். எல்லாரும் மணற்காட்டுக் கடற்கரைக்குப் போவம். தடி என்ரை, ஈயம் உங்கடை!"

விதியே என்று வீடியோக்களைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினேன். உருண்டை ஈயம் நன்றாகப் பறக்கும், ஆனால் அலை அதை உருட்டிக்கொண்டு கரைக்கே வந்துவிடும். தட்டை ஈயம் மணலில் கிடக்கும், ஆனால் காற்றில் போகாது. நீளமாக, ஒரு பக்கம் பருத்த ஈயத்துக்குக் கம்பிக் கால்கள் வைத்தால் தூரமும் போகும், மணலையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே தடித்த தங்கூசி நூலை முடிய வேண்டும். இல்லாவிட்டால் எறிகிற வேகத்தில் நூல் அறுந்து ஈயம் யாருடைய மண்டையையாவது தேடிப் போகும். சோதினைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

பருத்தித்துறையில் ஒரு கடையில் போய்க் கால் வைத்த ஈயம் இருக்கிறதா என்று கேட்டேன். "கால் வைச்சதோ? உது நடக்கிறதோ தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் அச்சுவேலியில் டயர்க்கடை வைத்திருக்கும் என் அண்ணையிடம் சரணடைந்தேன். சில்லுகளைச் சமநிலைப்படுத்த அடிக்கும் பழைய ஈயத்துண்டுகளை அவர் உருக்கினார். அச்சுக்கு? எங்கள் தோட்டத்துக் கரட் ஒன்றைப் பிடுங்கி மண்ணில் அமத்தினோம். மண் ஈரம். உருகிய ஈயம் பட்டதும் வெடித்துச் சிதறி அண்ணை உடுத்திருந்த சாரம் முழுக்க ஓட்டை. "கண்டறியாத மீன்பிடி!" என்று துள்ளினார். மண்ணைக் காயவிட்டு மறுபடி வார்த்ததில் அசல் கரட்டே வந்தது, தலைப்பக்கத்துச் சுருக்கங்கள் உட்பட. அதன் உடம்பில் சைக்கிள் கம்பி நாலை இறுக்கிக் கொக்கி மாதிரி வளைத்துவிட்டார். நல்ல ஈயத்தின் கால்கள் பலமாக இழுத்தால் மடங்கிக் கொடுக்க வேண்டும் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அண்ணை வைத்த கால்கள் உலகம் அழிந்தாலும் மடங்காது.

அந்த நாளும் வந்தது. ஒரே வான் வண்டியில் இரண்டு குடும்பமும் மணற்காட்டுக்குப் போனோம். கஜனின் தாயார் வழி நெடுக என்னையே நோட்டம் விட்டுக்கொண்டு வந்தார். அதற்கு முன்னர் வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிவிட்டவர் அந்த மாமிதான் என்று கேள்வி. அவர் என்னைப் பார்த்த பார்வையில், கத்தரிக்காயைப் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பவர்களின் கவனம் இருந்தது.

கடற்கரையில் இடது பக்கம் தூரத்தில் ஒரு கூட்டம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் தூரத்தில் இன்னொரு கூட்டம். நடுவில் ஒரு குஞ்சு குருமனும் இல்லை.

"இஞ்சை நல்ல இடம், ஒருத்தரும் இல்லை," என்றார் கஜன்.

கரைவலை இழுக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரிந்தது. அந்த இரண்டு கயிறும் கடலுக்குள் எங்கே போய்ச் சேருகின்றன என்று யோசிக்கத்தான் வானில் வந்த ஒருவருக்கும் மூளை இல்லை.

தூண்டிலில் இறாலைக் கொளுவி, கண்ணை மூடி, முருகனை நினைத்து ஒரே வீச்சு. கண்ணைத் திறந்தபோது கரட் இன்னும் போய்க்கொண்டிருந்தது. "அம்மாடி, என்ன தூரம்!" என்று கஜன் வாயைப் பிளந்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் நூல் இறுகியது. நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு மெல்ல அசைந்தது. தடி வளைந்து முறியப் பார்த்தது.

"மீன்! பெரிசு! விடாதேங்கோ!" என்று கத்தினார் கஜன்.

நான் தடியைப் பிடித்தேன். கஜனும் பிடித்தார். அப்பா என்னைப் பிடிக்க, கஜனின் அப்பா கஜனின் பெல்ட்டைப் பிடித்தார். கஜனின் தம்பி ஒஸ்லோவிலிருந்து கைபேசியில் பார்த்துவிட்டு, "அண்ணை, உது திருக்கைதான்!" என்று அடித்துச் சொன்னார். அம்மா சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். மாமி மட்டும் குடையைப் பிடித்தபடி தள்ளி நின்றார்.

இதற்குள் இரண்டு பக்கமும் கயிறு இழுத்தவர்கள் மெல்ல மெல்ல எங்களை நோக்கி நெருங்கி வந்தார்கள். மீனைப் பறிக்க வருகிறார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

"தம்பியவை, கிட்ட வராதேங்கோ! இது எங்கடை பிள்ளை பிடிச்ச மீன்!"

அவர்களில் மூத்தவர், வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அம்மா, கத்தாதேங்கோ. அது மீனில்லை. எங்கடை வலை."

அலைக்குள்ளிருந்து வலை வெளியே வந்தது. அதன் மேல்கயிற்றை நாலு காலாலும் கட்டிப் பிடித்தபடி என் ஈயமும் வந்தது. தூண்டிலில் போட்ட இறால் போட்டபடியே இருந்தது. அந்த நேரம் கடல் என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

சம்மாட்டி குனிந்து பார்த்தார். "உதென்ன, கரட்டோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஓம், கரட்தான். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இண்டைக்குத்தான் முதன்முதலாத் தடியைத் தொட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ!" என்று யாருக்கென்றில்லாமல் எல்லாருக்கும் சொன்னேன். அம்மா கடலைப் பார்த்தார்.

கஜன் ஈயத்தைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டினார். "அப்ப இதை ஆர் வார்த்தது?"

"அண்ணை."

"நானும் எத்தினை வருஷமா எறியிறன், இவ்வளவு தூரம் ஒருக்காலும் போனதில்லை," என்றவர், பிறகு அப்படியே ஈரமணலில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. மாமியைப் பார்த்தேன், வந்த உயிர் திரும்பிப் போனது. அவர் முகம் இறுகியபடியே இருந்தது.

வலை கிழியவில்லை என்று பார்த்த பிறகு சம்மாட்டி ஒரு பையில் சூடை மீனை அள்ளிப் போட்டார். கரைவலையில் கை வைத்து இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு கொடுப்பது அங்கே வழக்கமாம்.

"குறுக்காலை இழுத்தாலும் இழுத்தியள்தானே," என்று பையை நீட்டினார். பிறகு எங்களை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் எல்லாரும் ஒரு குடும்பமோ? இல்லாட்டி ரெண்டு பங்கோ?"

கஜன் சிரிப்பை நிறுத்திவிட்டார். மாமி குடையை மடக்கினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து பையை வாங்கினார்.

"ஒரு பங்கு போதும். ஒரு குடும்பந்தான்," என்றார்.

இப்போது நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். உங்கள் கலியாணத்தை யார் பேசி முடித்தது என்று யாராவது கேட்டால், நாங்கள் வாயைத் திறக்குமுன்னர் மாமி முந்திக்கொண்டு "சம்மாட்டி" என்கிறார், வீடே சிரிக்கிறது. உரும்பிராயில் அம்மாவுக்குத்தான் இது இன்னும் பொறுக்கவில்லை. "அவ்வளவு பொய்யும் சொன்னது நான், பேர் அந்தாளுக்கோ?" என்கிறார்.