விழித்துக்கொண்டே குழாய் விழுங்குகிறவர்

டிசம்பர் பிறந்தால் தென்கொரியாவில் எங்கள் சாங்வொன் நகரத்தில் ஓர் இனம் தலைகாட்டும். வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட கம்பெனி உடல் பரிசோதனைக்குக் கடைசி மாதத்தில் எல்லோரும் அடித்துப்பிடித்து ஓடுவோம் இல்லையா? அப்போது, "தூங்கிட்டா, முழிச்சுக்கிட்டா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். வாய்வழியாக வயிற்றுக்குள் கேமராக் குழாய் விடுவதைப் பற்றித்தான். "தூங்கிட்டுதான்" என்று நீங்கள் சொன்னதும், சோஜு சாராயக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்கெல்லாமா மயக்க ஊசி?" என்பார் ஒருவர்.

அவர்தான்.

பனி கொட்டும் எல்லையில் ராணுவக் காவல் நின்றதை, மரத்துப்போகும் ஊசியில்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டதை, அடுத்த அரைமணியில் வேலைக்குப் போனதை எல்லாம் வரிசையாக எடுத்துவிட்டு, "உயிரோட நெளியிற ஆக்டோபஸையே முழுங்கினவன், இந்தக் குழாய் எனக்கு எம்மாத்திரம்?" என்று முடிப்பார். ஆக்டோபஸ் உள்ளே போய்ப் படம் எடுக்காது என்று யார் அவருக்குச் சொல்வது?

என் அக்கா வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அத்தான் ப்யோ சாங்-கொன். பரிசோதனை அறைக்குள் அவர் காட்டும் வீரத்தை நர்ஸ்களைக் கேட்டால் தெரியும். ஓங்கரிப்பார், உதைப்பார், குழாயைப் பிடித்து இழுப்பார். டாக்டர் பாவம், "பாத்த வரைக்கும் ஒண்ணுமில்ல" என்பார். அத்தான் வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்லயாம்" என்பார். முதல் இரண்டு வார்த்தைகளை ஒவ்வொரு வருடமும் வழியிலேயே தொலைத்துவிடுவார்.

இந்த வருடம் அது பலிக்கவில்லை. அவர் குழாயை இழுப்பதற்குள் டாக்டர் எதையோ பார்த்துவிட்டார்.

"ஒரு திட்டு தெரியுது. கிட்டப் போய்ப் பாத்துக் கொஞ்சம் கிள்ளி எடுக்கணும். நீங்க ஆடக் கூடாது. அடுத்த வாரம் தூங்கிட்டுப் பண்ணிக்கலாம். கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அத்தானின் அண்ணனுக்கு இதே வயதில்தான் புற்று வந்து பாதி வயிற்றை எடுத்தார்கள். ஆனாலும் மனிதர் அசையவில்லை. அக்கா ஓக்-ஜு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அண்ணன் படுற பாட்டைப் பாத்துமா இந்த வீம்பு? ஊசி போட்டுக்கிறீங்களா, இல்ல நான் எங்க அம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

ஊசி என்று முடிவாயிற்று. காரில் போகும்போது அத்தான் என் காதோடு சொன்னார்: "மாப்ள, அந்த மருந்து ஏறினா மனுஷன் என்னென்னமோ உளறுவானாம்டா. அக்காவை வெளியவே உக்கார வை."

ஓகோ! இத்தனை வருட வீரத்துக்கு இதுவா காரணம்? ரகசியச் சீட்டாட்டமா, பழைய காதலியா? எனக்கு ஆவல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா என்னைத் தள்ளிவிட்டு முதல் ஆளாய் மயக்கம் தெளியும் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

சோதனை முடிந்து அத்தானைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணைத் திறக்காமலே அக்காவின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார்.

"ஓக்-ஜு... கைய விட்டுடாத. அண்ணன் மாதிரி என்னையும் அறுத்துடுவாங்களா? எனக்கு ரொம்ப பயமா இருக்கு. வருஷா வருஷம் பயமாத்தான் இருந்துச்சு."

கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அக்கா தன் கைக்குட்டையால் துடைத்தாள். வேடிக்கை பார்க்க வந்த நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் விழித்தார். "எப்ப ஆரம்பிப்பாங்க?"

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள் அக்கா.

"தெரியும், தெரியும். மருந்து எனக்கு எங்க ஏறுச்சு? முழுக்க முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நான் ஏதாவது பேசினேனா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். "ஒரு வார்த்தைகூடப் பேசல" என்றாள்.

திட்டு வெறும் புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்று அப்புறம் தெரிந்தது. பூசணிக் கஞ்சி குடித்துத் தெம்பானவர், தம்மை எந்த மருந்தும் சாய்க்காது என்று இப்போது ஆபீஸில் அளந்துகொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நீங்களும் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்தானே? சமர்த்தாகத் தூங்கி எழுந்தேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அன்று கூட வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் தயங்கிவிட்டு, "ஒரு வார்த்தைகூடப் பேசல" என்பார்.