உபயோகச் சான்று பெற்ற மிக்சி

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்து போகிறவர் தம் வீட்டுச் சாமான்களை வரியின்றி எடுத்துச் செல்லலாம். ஆனால் அவை பயன்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். இது சுங்க விதி. ஊர் உலகமெல்லாம் ஒழுங்காக நடந்துவந்த இந்த விதி, நாகல் நகர் ரோஸ்மேரியின் மிக்சியைக் கண்டதும் திகைத்து நின்றது.

ஞானஸ்நானத்தில் அவளைக் கையிலேந்திய ஞானத்தாய் கல்யாணத்துக்குக் கொடுத்த மிக்சி அது. வந்த நாளிலிருந்து ரோஸ்மேரி அம்மியில்தான் அரைத்தாள். மிக்சியை ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து துடைத்து, மறுபடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுவாள். ஆப்பிரிக்காவில் வாத்தியாராக இருந்த புருஷன் ஸ்டீபன்ராஜ், "கிளம்பி வா" என்று எழுதியதும், "அங்கே போய்த்தான் இதை ஓட்டுவேன்" என்று முடிவெடுத்தாள்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி உறையைத் தட்டிப் பார்த்தார்.

"இது புதுசும்மா. வரி கட்டணும்."

"பன்னெண்டு வருசமாச்சு சார்!"

"ஒரு கீறல்கூட இல்லையே?"

"எப்பிடி இருக்கும்? அம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கேன்ல!"

"அது உங்க குத்தம். உங்க வி.ஏ.ஓ.கிட்ட உபயோகச் சான்று வாங்கியாங்க."

வி.ஏ.ஓ. மலைச்சாமி நேர்மையானவர். கண்ணால் காணாததற்குக் கையெழுத்துப் போடமாட்டார். மறுநாள் காலைப் பலகார வேளையில் தல ஆய்வுக்கு வந்தார்.

"அரைங்க, பாப்போம்."

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சை அமுக்கினாள். விளைந்த தேங்காய்ச் சட்னியை ஆறு இட்லிகளின் துணையோடு அவர் தீர விசாரித்தார்.

"ஒரு தடவை அரைச்சா உபயோகம் ஆயிருமா? நாளைக்கும் வாரேன். மல்லிச் சட்னி."

மூன்றாம் நாள் மேலொப்பமிட வருவாய் ஆய்வாளர் வந்தார். ஐந்தாம் நாள் தாசில்தார் குடும்பத்தோடு வந்து, வடை விஷயத்தையும் பரிசீலிக்க விரும்பினார். இரண்டு படி உளுந்தில் மிக்சி ஒருமுறை அலறிப் புகையைக் கக்கி அடங்கியது.

"போச்சே சார்!" ரோஸ்மேரி அழுதாள்.

"அழுவாதீங்கம்மா. இப்பத்தான் எங்களுக்குத் திருப்தி" என்று மூவரும் கையெழுத்திட்டார்கள்.

துறைமுகத்தில் சுங்க அதிகாரி மிக்சியை மோந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"இதுதாம்மா உபயோகம்! கொண்டு போங்க."

"ஓடாதே சார்?"

"ஓடணும்னு விதியில இல்லையே!"

மிக்சி வரியின்றிக் கப்பலேறியது.

அதன்பின் வெளிநாடு போகிற எவரும் நல்ல மிக்சியைத் தொடவில்லை. நாகல் நகர் ரிப்பேர் கடையில் எரிந்த மிக்சிக்கு வரிசை நின்றது. ஒருநாள் வரிசையின் முதல் ஆளாக அந்தச் சுங்க அதிகாரியே நின்றார். ஓய்வு பெற்று, மகளோடு இருக்க அமெரிக்கா போகிறாராம்.

"நல்லாக் கருகுனதாப் பாத்துக் குடு அப்பு," என்றார். "சுங்கத்துல இருக்கவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."