எரு தின்ற ஆடு

மண்ணைப் பற்றி என் மனைவி சொல்லும் எதையும் இனிமேல் கேட்பதில்லை என்று உறுதியான முடிவெடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வெளியே சொல்லும் அளவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எங்கள் பக்கத்து மழை தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. வருகிறேன் என்று சொல்லும், வராது. கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர். தோட்டத்தில் மிளகாய் பூக்கும் நேரம். இது கருகினால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என் மனைவியின் தம்பி கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். அவன் "வாங்க மாமா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாக மூட்டை தூக்க வைப்பான்.

"கிணத்தை ஆழப்படுத்தணும்" என்றேன்.

"மண்ணைச் சரி பண்ணணும்" என்றாள்.

"மண்ணுக்கு என்ன கேடு?"

"சத்தே இல்லாம கெடக்கு. ஊத்துற தண்ணியில பாதி கீழ ஓடுது, மீதியை வெயில் குடிக்குது. எருவைக் கலந்தா மண்ணு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். கொட்டகைக்குப் பின்னால சாணியும் சருகும் நல்லா மக்கிக் கெடக்கு. அள்ளிப் போடுங்க."

"இந்த முதுகோடயா?"

வேண்டாத வேலை வந்தால் மட்டும் என் முதுகு வலிக்கும். நல்ல முதுகு.

அவள் சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. தோட்டத்தை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்குவோம். உங்க பாதி உங்க இஷ்டம். தண்ணி மட்டும் சமமா."

அவள் தன் பாதியில் எருவைக் கலந்தாள். சில வாரங்கள் போயின. அவள் செடிகள் நிமிர்ந்து நின்றன. என் செடிகள் மதியமானால் அவள் முன்னால் நான் நிற்பதைப் போலத் தலை தொங்கின. யாரும் பார்க்காத நேரம் அவள் பாத்தியில் விரலை விட்டேன். ஈரம். என் பாத்தியில் விட்டேன். நகம் வலித்தது.

கேட்டால் கௌரவம் போய்விடும். ஆகவே திருடுவது என்று தீர்மானித்தேன்.

மதியம் சாப்பிட்டதும் அவள் சற்றுக் கண்ணயர்வாள். கொட்டகைக்குப் பின்னால் போனேன். எருக் குவியல். பக்கத்தில் தள்ளுவண்டி, சக்கரத்தில் காற்றடித்து. மண்வெட்டி, கூடை. திருடனுக்கு இத்தனை வசதி செய்து வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை.

செடியோரம் எருவைக் கொட்டினேன். அவள் கண்ணில் படக் கூடாதே என்று மண்ணோடு கிளறிக் கலந்தேன். கிளறிய இடம் கறுப்பாகக் காட்டிக் கொடுத்தது. அதை மறைக்க மேலே காய்ந்த புல்லைப் பரப்பினேன். கேட்டால் காற்றில் வந்து விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தினமும் இதே வேலை. முதுகு ஒத்துழைத்தது.

"என்னங்க, எருக் குவியல் குறையுதே?"

"பக்கத்துக் காட்டு ஆடா இருக்கும்."

"ஆடு எரு திங்குமா?"

"இந்தக் காலத்து ஆடு எதையும் திங்கும்."

"பாவம், என்ன பசியோ" என்றாள். மறுநாள் பழைய எருக்குழியிலிருந்ததையும் அள்ளிக் குவித்திருந்தாள்.

என் செடிகள் தலை தூக்கின. அடிக்கடி தண்ணீர் கேட்பதை நிறுத்தின. கிணறு கடைசி வரை தாங்கியது. இரண்டு பாதியிலும் மிளகாய் சிவந்தது. பறித்து முடித்த அன்று வரப்பில் உட்கார்ந்தேன். நிலம் எங்களிடமே இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"எருவை எடுத்தது ஆடில்லை, நான்தான். நீ மட்டும் இல்லேன்னா இந்நேரம் உன் தம்பி கடையில மூட்டை தூக்கிட்டிருப்பேன். மனசாரச் சொல்றேன், நீ கெடைச்சது என் அதிர்ஷ்டம்."

அவள் முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"எடுக்கணும்னுதானே வண்டிக்குக் காத்தடிச்சு வெச்சேன்."

"மதியம் நீ தூங்கலையா?"

"ஜன்னலோரம் படுத்துப் பாத்துட்டே இருந்தேன். எருவைக் கலக்கணும், மேல புல்லைப் போட்டு மூடணும், இதையெல்லாம் உங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கப் போறேன்னு கவலையா இருந்துச்சு. ஒளிக்கிறேன்னு நீங்களே அச்சுப் பிசகாம செஞ்சுட்டீங்க."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நன்றிதான் இன்னும் கொஞ்சம் வந்தது.

"அடுத்த வெள்ளாமைக்கு எரு தயார்" என்று அவள் எழுந்தாள். "இந்தத் தடவை என் பாதிக்கும் சேத்துப் போடணும். ஆடு எப்ப வரும்?"

"மதியம் சாப்பிட்டதும் வந்துடும்" என்றேன்.