எதுகைக்காகச் சேர்த்த ஒரு 'ல்'

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்கள் மொத்தம் நாற்பது இருக்கும். அதில் முப்பது காய்கறிப் பெயர்கள். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டுதான் நான் இருமொழிக் கவிஞராகக் கிளம்பினேன்.

எழுபதுகளின் கடைசி. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் புது டீச்சர். ஒரே நீள மண்டபத்தில் ஐந்து வகுப்புகள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அதற்கு மேல் படிக்க ஹட்டனுக்குப் போகவேண்டும். முடியாதவர்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே தங்கித் தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஆறாம் வகுப்புக் கேட்டு எங்கள் பாடசாலை அதிபர் அந்தோணி சார் கடிதம் கடிதமாக எழுதி, ஒருவழியாகக் கல்வி அதிகாரி நேரில் வருவதாகப் பதில் வந்தது. அதிகாரி சிங்களவர்.

"வரவேற்க ஒரு பாட்டு வேணுமேம்மா. தமிழ்ல பாடினா அவருக்கு வெளங்காதே," என்றார் சார்.

"ரெண்டு பாஷையும் கலந்து எழுதிடறேன் சார்." (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

"ஒங்களுக்குச் சிங்களம் வருமா?"

"ஓரளவு வரும் சார்."

ஒரு வரி தமிழ், ஒரு வரி சிங்களம் என்று விறுவிறுவென்று எழுதினேன். கடைசி இரண்டு வரி இப்படி:

நல்லா நாங்க படிக்கிறோம்,
பலலா யன்ன மஹத்தயா!

'பலலா யன்ன' என்றால் 'பார்த்துவிட்டுப் போங்கள்'. (ஹட்டன் புடவைக் கடைகளில் என்னை இப்படித்தான் கூப்பிடுவார்கள்.) மஹத்தயா என்றால் ஐயா. எல்லாம் சரி. ஆனால் 'நல்லா'வுக்கு 'பலலா' எதுகை இடறியது. இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டாமா? இலக்கணப் பரீட்சையில் விசேட சித்தி பெற்றவள் நான். ஒரேயொரு 'ல்'லைத் தூக்கி நடுவில் போட்டேன். பல்லா! என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பார்வதி கீழ்க் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். ஒத்திகையில் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், பல்லான்னா நாய் டீச்சர்."

"அது பேச்சுல. கவிதையில வேற."

"அப்ப கவிதையில நாய்க்கு என்ன சொல்றது டீச்சர்?"

"கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணு."

அதிகாரி ஜீப்பில் வந்தார். மாலை போட்டோம். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரும் விருந்தாளியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். முதல் சிங்கள வரிக்கே அதிகாரி முகம் மலர்ந்தது. பிறகு கடைசி வரி வந்தது. 'மஹத்தயா' என்னும்போது எல்லோரும் இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டவேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான்.

"பல்லா யன்ன மஹத்தயா!"

அதாவது, 'நாயே, போங்க ஐயா!'

ஜன்னலோரம் நின்ற டிரைவர் சட்டென்று மறைந்தார். சிங்களம் தெரிந்த பெரிய கிளாக்கர் நாற்காலிக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். சிங்களம் தெரியாத அந்தோணி சார் தாளம் தவறாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியின் முகம் சிவந்தது. மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து, 'இன்னொரு தடவை' என்று பிள்ளைகளுக்குச் சைகை காட்டினேன். பாடினார்கள், முன்னைவிடச் சத்தமாக.

"கவுத மே கவிய லிவ்வே?" என்று அதிகாரி எழுந்தார். எழுதியது யார் என்கிறார். "மம!" என்றேன், நிமிர்ந்து நின்று.

கிளாக்கர் அந்தோணி சாரின் காதில் ஏதோ சொன்னார். சாரின் கைகள் தட்டுவதற்கு நடுவிலேயே நின்றுபோயின. என்னைப் பார்த்து, "அடிப்பாவி," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் நாய் என்று சொல்ல தமிழர், சிங்களவர் இரண்டு தரப்புக்குமே கவிதை தேவைப்படவில்லை. நான் அதையும் எதுகையோடு செய்திருந்தேன். ஆறாம் வகுப்பு அவ்வளவுதான்.

பார்வதி வரிசையை விட்டு வந்தாள். அதிகாரியிடம் கடகடவென்று சிங்களத்தில் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கிளாக்கர் பிறகு சொன்னார்: "எங்க டீச்சர் நல்லவங்க. பாட்டு அழகா வரணும்னு ஒரு எழுத்தக் கூடப் போட்டுட்டாங்க. நான் சொன்னேன், கேக்கல."

அதிகாரி உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு அவளிடம் அடுத்த வருஷம் எங்கே படிப்பாய் என்று கேட்டார். "தம்பியப் பாத்துக்கணும்," என்றாள். அவருடைய சிரிப்பு நின்றது. குறிப்பேட்டை எடுத்து வெகுநேரம் எழுதினார்.

இரண்டு மாதத்தில் ஆறாம் வகுப்புக்கு அனுமதி வந்தது. பார்வதி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கூடவே, கேட்காமலேயே ஒரு சிங்கள ஆசிரியையும் வந்தார். பெயர் குசுமா. வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி: "பல்லா டீச்சர் யாரு?"

அதற்குப் பிறகு பல வருஷம் நாங்கள் இருவரும் பிள்ளைகளுக்காக இரண்டு மொழியிலும் பாட்டு எழுதினோம். குசுமா பார்க்காமல் என் வரி எதுவும் வகுப்புக்குள் போகாது. (அவருக்குத் தமிழில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். அது எனக்குப் பெரிய ஆறுதல்.)

வீட்டிலும் இது பரவிவிட்டது. நான் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினால்கூட, "குசுமா ஆன்ட்டி பாத்தாச்சா?" என்பார் என் கணவர். மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரிக் கவிதை எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அவள் அதைத் தபாலில் குசுமாவுக்கு அனுப்பிவிட்டாள். முழுக்க முழுக்கத் தமிழ்க் கவிதை.